ஓட்டத்துக்கு வந்த விலை

1960, ரோம் ஒலிம்பிக். எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா மாரத்தான் பந்தயத்தின் 42.195 கிலோமீட்டரையும் வெறுங்காலில் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வென்றார். அதுவரை உலகில் யாரும் அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. கிடைத்த ஷூ காலுக்குச் சரிப்படாததால், பயிற்சியில் பழகியபடியே வெறுங்காலுடன் இறங்கிவிட்டார்.

2023, பெர்லின். அதே எத்தியோப்பியாவின் திகிஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் ஓடிப் பெண்களுக்கான உலக சாதனை படைத்தார். அவர் அணிந்த அடிடாஸ் ஷூ ஒன்றின் எடை சுமார் 138 கிராம். ஒரு ஜோடி 500 டாலர். ஒரு மாரத்தானுக்கும், அதற்கு முன் காலுக்குப் பழக்கிக்கொள்ளவும் மட்டுமே அது தாங்கும் என்று தயாரித்த நிறுவனமே சொன்னது.

குதிரையேற்றமும் பாய்மரப் படகும் டென்னிஸும் வசதியுள்ள வீடுகளைத் தேடிப் போகும் விளையாட்டுகள். ஓட்டத்துக்கு உடம்பும் மண்சாலையும் போதும் என்ற நிலைதான் கென்யா, எத்தியோப்பியா மேட்டுநில ஏழைப் பிள்ளைகளை உலக மேடைக்குக் கொண்டுவந்தது. அந்த நிலை இப்போது மாறிவருகிறது. காரணம், ஷூவின் அடியில் இருக்கும் நுரை.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் வில்லைப் போல இழுபட்டு, அந்த ஆற்றலில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. இயற்கை இலவசமாகக் கொடுத்த இந்த வேலையைப் புதிய நுரையும் செய்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் நைக்கியின் புதிய ஷூவை அளந்தார்கள். அழுத்தும்போது உள்ளே போன ஆற்றலில் 87 சதவீதம் திரும்பி வந்தது. ஒப்பிட்டுப் பார்த்த மற்ற இரண்டு பந்தய ஷூக்களில் 76, 66 சதவீதம்தான். அந்த ஷூவில் ஓடிய 18 பேருக்கும், அதே வேகத்துக்குச் சராசரியாக 4 சதவீதம் குறைவான ஆற்றலே செலவானது. ஷூவின் அடியில் நுரைக்குள் பதித்த, எல்லோரும் பேசிய கார்பன் தகட்டின் பங்கு சிறியது. தகட்டை வெட்டிவிட்டுச் சோதித்த பின்னாளைய ஆய்விலும் சேமிப்பு பெரிதாகக் குறையவில்லை.

விநாடிகளில் பதக்கம் கைமாறும் பந்தயத்தில் இந்தச் சேமிப்பு மிகப் பெரிது. ஆனால் எல்லோருக்கும் அது ஒரே அளவில் கிடைப்பதில்லை. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய ஷூக்களால் கென்யாவின் முன்னணி வீரர்களில் ஒருவருக்கு 11 சதவீதம் வரை ஆதாயம் கிடைத்தது. இன்னொருவருக்கு அதே அளவு இழப்பு. எது தன் காலுக்கு ஒத்துவரும் என்பதைப் பல ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டு, மூச்சுக்காற்றை அளக்கும் கருவியோடு ஓடித்தான் துல்லியமாக அறிய முடியும். ஒப்பந்தம் பெற்ற வீரருக்கு நிறுவனம் இதைச் செய்து தரும். ஒப்பந்தம் கிடைக்க முதலில் வென்றாக வேண்டும். வெல்ல அந்த ஷூ வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளை சிக்கிக்கொள்வது இந்தச் சுழலில்தான்.

உலகத் தடகள அமைப்பு 2020-இல் விதி வகுத்தது. சாலை ஓட்டத்தில் அடிப்பாகத்தின் தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. தகடு ஒன்றுக்கு மேல் கூடாது. ஷூ பொதுச் சந்தையில் கிடைக்க வேண்டும். தடிமனுக்கு வரம்பு வந்தது, விலைக்கு வரவில்லை. கடையில் இருக்கும் பொருள் எல்லோர் கைக்கும் எட்டிவிடாது.

பள்ளி, இளையோர் பந்தயங்களிலாவது எல்லோரும் சாதாரண ஷூவில் ஓடட்டும். தேசிய அணித் தேர்வுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரே தரமான ஷூவை விளையாட்டுச் சங்கங்களே கொடுக்கட்டும். யார் வேகமானவர் என்பதை அளக்கத்தான் பந்தயம் வைக்கிறோம். வாங்கும் சக்தியை அளப்பதற்கு அது தேவையில்லை.