கடன் வாங்கிய கதையும் கண்ணைப் பறித்த புலியும்

புதுச்சேரியிலே 1826-ம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கிய தாவரவியற் பூங்காவுக்குப் போகிறவர்கள் மரங்களைப் பார்க்கலாம், செடி கொடிகளைப் பார்க்கலாம். புலியை மட்டும் பார்க்க முடியாது. கனடா தேசத்து எழுத்தாளர் யான் மார்ட்டெல் 2001-ல் வெளியிட்ட 'லைஃப் ஆஃப் பை' என்னும் நாவலில் இந்தப் பூங்காவுக்குள் ஒரு மிருகக்காட்சி சாலை இருக்கிறது. அது அவருடைய சொந்தக் கற்பனை. ஆனால் 2012-ல் தைவானைச் சேர்ந்த ஆங் லீ என்னும் டைரக்டர் அந்த நாவலைப் படமாக்கி வெளியிட்டதும், இல்லாத புலி உலகப் பிரசித்தி பெற்று விட்டது. அதனோடு நம் ஊரும் பிரசித்தி பெற்றது.

படத்தைப் பற்றிப் பேச்சு வரும் போதெல்லாம் இரண்டு கட்சிகள் கிளம்புவது வழக்கம். "கதை கடன் வாங்கியது, தந்திரக் காட்சிகளின் ஜாலத்தினால் தப்பித்துக் கொண்டது" என்று ஒரு கட்சி. "கண்ணுக்கு விருந்து கிடைத்தால் போதாதா? கதைக்குக் கோத்திரம் விசாரிப்பானேன்?" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியாரும் ஒரே தவறைச் செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். கதை எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. வந்த இடத்தில் அதற்கு உயிர் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு 'கடன்' என்று பதில் வந்தாலும், இரண்டாவதற்கு 'இல்லை' என்றுதான் பதில் வரவேண்டும் என்ற நியதி இல்லை. வால்மீகியிடம் கதையை வாங்கியதைக் கம்பர் ஒளித்தாரா என்ன?

இந்தத் தர்க்கம் தமிழர்களுக்குப் புதிதும் அல்ல. 1948-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஜெமினி ஸ்டூடியோவின் 'சந்திரலேகா' வெளிவந்தது. ஸ்ரீ எஸ். எஸ். வாசன் அந்தப் படத்துக்குச் செலவிட்ட தொகை ஏறக்குறைய 30 லட்சம் ரூபாய் என்று சொல்லப்படுகிறது. அந்தக் காலத்தில் அது கேட்டவர்களுக்குத் தலை சுற்றும் தொகை. கதையோ? ராஜ்யத்துக்காக அண்ணன் தம்பிச் சண்டை, நடுவில் ஒரு பெண். பாட்டி கதைகளில் நூறு முறை கேட்டது. படத்தைப் பார்த்து ஒரு மாதம் கழித்துக் கதையைச் சொல்லச் சொன்னால் பலர் திணறிப் போவார்கள். ஆனால் முரசு நடனத்தை மறந்தவர் உண்டா? வரிசை வரிசையாகப் பிரம்மாண்டமான முரசுகள். அவற்றின் மேலே நடன மாதர். நடனம் முடிந்ததும் முரசுகளின் வயிற்றுக்குள்ளிருந்து போர்வீரர்கள் வாளோடு குதித்து வருகிறார்கள். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அந்த நடனம் வெறும் ஆடம்பரம் அல்ல; கோட்டைக்குள்ளே வீரர்களைக் கொண்டு சேர்ப்பதற்குக் கதாநாயகி செய்த சூழ்ச்சியே அது. படத்திலேயே மிகப் பெரிய காட்சி, கதையை முன்னே தள்ளும் காட்சியாகவும் அமைந்து விட்டது. கதை பழையது என்ற குறை அந்தச் சில நிமிஷங்களில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. காட்சி கதையின் வேலையைத் தானே எடுத்துச் செய்கிறதே!

இனிப் புதுச்சேரிப் பையனிடம் வருவோம். பிஸின் மோலிட்டோர் பட்டேல், சுருக்கமாகப் 'பை', பாரிஸ் நகரத்து நீச்சல் குளம் ஒன்றின் பெயரைத் தாங்கியவன். குடும்பம் மிருகங்களோடு கனடாவுக்குக் கப்பலேறுகிறது, கப்பல் மூழ்குகிறது, படகு ஒன்றில் பையனும் ஒரு வங்காளப் புலியும் மிஞ்சுகிறார்கள். 227 நாள் கடலில் கழிகிறது.

இந்த நாவலுக்கு 2002-ல் புக்கர் பரிசு கிடைத்தவுடன் பிரேஸில் நாட்டிலிருந்து ஆட்சேபம் கிளம்பியது. அந்நாட்டு எழுத்தாளர் மோஅசிர் ஸ்க்ளியார், தொழிலால் வைத்தியர், 1981-லேயே 'மாக்ஸும் பூனைகளும்' என்ற பொருள்படும் சிறு நாவல் ஒன்றை எழுதியிருந்தார். நாஜிகளுக்குப் பயந்து ஜெர்மனியிலிருந்து ஓடும் வாலிபன் ஒருவன், கப்பல் கவிழ்ந்து, ஜாகுவார் என்னும் சிறுத்தை இனத்து மிருகத்தோடு சிறு படகில் அகப்பட்டுக் கொள்கிறான். படகு, மிருகம், அநாதைப் பயணி - சாயல் சந்தேகமறத் தெரிகிறது. மார்ட்டெலும் அதை மறைக்கவில்லை. நாவலின் முன்னுரையிலேயே ஸ்க்ளியாருக்கு நன்றி தெரிவித்திருக்கிறார். வழக்குத் தொடுப்பதைப் பற்றி முதலில் யோசித்த ஸ்க்ளியார் பிறகு அதைக் கைவிட்டார். 2011-ல் அவர் காலமானார்; படம் வெளிவந்தது அதற்கு அடுத்த வருஷம்.

பள்ளிக்கூடத்தில் கட்டுரை நோட்டுப் புத்தகங்களைத் திருத்தித் திருத்திக் கண் மங்கியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் பெரும்பாலும் அவனுடைய பிழைகளையும் சேர்த்தே எழுதுவான். திருட்டைக் காட்டிக் கொடுப்பது அதுதான். மார்ட்டெல் செய்தது அப்படியல்ல. ஸ்க்ளியாரின் சிறுத்தை அதிகாரத்தின் கொடுமைக்கு அடையாளம். அவர் எழுதிய காலத்தில் பிரேஸிலில் ராணுவ ஆட்சி நடந்தது. மார்ட்டெலின் புலி அந்தத் திசைக்கே போகவில்லை. அந்தப் புலியின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். 1838-ல் எட்கர் ஆலன் போ எழுதிய கடற்கதையில், பட்டினி கிடக்கும் தோழர்களுக்கு இரையாகும் மாலுமியின் பெயர் அது. 1884-ல் 'மின்யொனெட்' என்ற கப்பல் மூழ்கியபோது, தப்பிப் பிழைத்தவர்கள் நிஜமாகவே கொன்று தின்ற கப்பல் பையனின் பெயரும் அதுவே! புலிக்கு அந்தப் பெயரை இட்டதிலேயே கதையின் இரகசியம் பாதி வெளியாகி விடுகிறது. ஆசிரியர் நேரு வீதி இண்டியன் காபி ஹவுஸில் ஒரு முதியவரைச் சந்தித்துக் கதை கேட்டதாக முன்னுரையில் எழுதியிருப்பதும்கூட இந்தப் பெரிய விளையாட்டில் ஒரு காய்தான்.

படத்துக்குச் செலவு சுமார் 12 கோடி டாலர். 2011 ஜனவரியில் நம் ஊரிலே படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று. கடலோ தைவானில், தைச்சுங் நகரத்துப் பழைய விமான நிலையத்தில் கட்டிய தண்ணீர்த் தொட்டி. புலி? சில காட்சிகளில் மட்டும் நிஜப் புலிகள். மற்றவற்றில் எல்லாம் கம்ப்யூட்டரில் உரோமம் உரோமமாகத் தீட்டிய புலி. எது நிஜம், எது தீட்டியது என்று கண்டு பிடிப்பது வெகு சிரமம். இல்லாத மிருகத்தின் எதிரே சூரஜ் சர்மா என்ற டில்லிப் பையன் பயந்தும் கெஞ்சியும் நடித்திருப்பதையும் பாராட்டத்தான் வேண்டும்.

இத்தனை ஜாலத்தையும் காட்டிவிட்டு ஆங் லீ கடைசியில் ஒரு காரியம் செய்கிறார். மெக்ஸிகோவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பையன் கிடக்கிறான். கப்பல் கம்பெனியின் சார்பில் வந்த இரண்டு ஜப்பானியர்கள், புலிக் கதையை நம்ப மறுக்கிறார்கள். அப்போது அவன் இன்னொரு கதை சொல்கிறான்: மிருகங்கள் இல்லாத கதை, தாயும், சமையற்காரனும், மாலுமியும் வருகிற கதை. அதைப் படமாகக் காட்ட டைரக்டருக்குப் பணம் இல்லையா, யந்திரம் இல்லையா? இருந்தும் காட்டவில்லை. கட்டில், வெள்ளைச் சுவர், பையனின் முகம், அவன் குரல், வேறொன்றும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நம் கண்ணை மயக்கிய புலி எதை மறைத்தது என்பது அந்த வெறும் சுவரின் முன்னேதான் தெரிகிறது. ஜாலம் முன்னே நடந்திராவிட்டால் இந்த மௌனத்துக்குப் பலம் இல்லை. இந்த மௌனம் இல்லாவிட்டால் ஜாலம் வெறும் வாணவேடிக்கை.

வாணவேடிக்கையாகவே நின்று போன இடங்களும் படத்தில் உண்டு. இரவிலே கடல் ஒளிர்வதும் திமிங்கிலம் எழும்பிப் பாய்வதும் தீபாவளி வாழ்த்து அட்டையை நினைவூட்டுகின்றன. படத்தில் வரும் புதுச்சேரியும் புளி போட்டுத் துலக்கிய பித்தளைப் பாத்திரம் போலப் பளபளக்கிறது. மீன் அங்காடியின் வாசனையும் வெயிலின் புழுக்கமும் அதில் இல்லை. இங்கே அழகு கதைக்கு ஒரு வேலையும் செய்யவில்லை.

கடன் விவகாரம் பாட்டிலும் புகுந்தது. படத்தின் தொடக்கத்தில் பம்பாய் ஜெயஸ்ரீ தமிழில் எழுதிப் பாடிய தாலாட்டு, ஆஸ்கார் பரிசுக்குப் பரிசீலிக்கப்பட்டது. கேரளத்து இரயிம்மன் தம்பியின் புகழ் பெற்ற தாலாட்டின் சாயல் அதில் இருப்பதாக அவர் பெயரால் இயங்கும் டிரஸ்டு ஆட்சேபித்தது, ஜெயஸ்ரீ மறுத்தார். குழந்தையை நிலவென்றும் மயிலென்றும் கொஞ்சாத தாய் எந்த மொழியில் இருக்கிறாள்? தாலாட்டுக்குப் பட்டா கேட்டால் தொட்டில்களெல்லாம் கோர்ட்டுக்குப் போக நேரும்!

2013 பிப்ரவரி 24-ந் தேதி ஆஸ்கார் பரிசுகளைக் கொடுத்தார்கள். படத்துக்கு நான்கு பரிசுகள்: டைரக்டர், ஒளிப்பதிவு, பின்னணி இசை, தந்திரக் காட்சிகள். திரைக்கதைக்கும் சிறந்த படத்துக்கும் உரிய பரிசுகள் வேறு படத்துக்குப் போயின. கண்ணும் காதும் பரிசு வாங்கின. கதை வெறுங்கையோடு திரும்பியது.

புலியைத் தீட்டியவர்களின் கதியோ அதைவிட மோசம். 'ரிதம் அண்டு ஹ்யூஸ்' என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் நிறுவனம், மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் வைத்திருந்தது, பரிசளிப்புக்கு இரண்டு வாரம் முன்னதாக, பிப்ரவரி 11-ந் தேதி திவால் மனுக் கொடுத்து விட்டது. 200-க்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். படமோ உலகமெங்கும் சுமார் 60 கோடி டாலர் வசூலித்தது! பரிசளிப்பு நடந்த அன்று மண்டபத்துக்கு வெளியே தந்திரக் காட்சிக் கலைஞர்கள் நூற்றுக்கணக்கில் கூடி ஆட்சேபக் குரல் எழுப்பினார்கள். உள்ளே, பரிசு வாங்கிய பில் வெஸ்டன்ஹோஃபர் தம் நிறுவனத்தின் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்ததும், நேரம் ஆகிவிட்டது என்று வாத்தியத்தை முழங்கி அவர் பேச்சை அடக்கி விட்டார்கள். முழங்கியது 'ஜாஸ்' என்ற சுறாமீன் படத்தின் இசை. 1975-ல் வந்த அந்தப் படத்துக்காகச் செய்த யந்திரச் சுறா படப்பிடிப்பில் அடிக்கடி பழுதாகி நின்று போயிற்று; அதனால் டைரக்டர் ஸ்பீல்பெர்க் சுறாவைப் பெரும்பாலும் காட்டாமலே, இந்த இசையைக் கொண்டே ஜனங்களை நடுங்க வைத்தார்.