வரிப் பாஸ் மீனின் குறைவும் மனிதர் பொறுப்பும்

கடல் வற்றாதது, ஆதலின் அதன் மீன்வளமும் வற்றாதது என்பது நெடுங்காலம் மக்கள் கொண்டிருந்த எண்ணம். இவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்வதற்கு, வட அமெரிக்காவின் கிழக்குக் கரையை அடுத்து வாழும் வரிப் பாஸ் மீனின் வரலாறு தக்க சான்றாகும். இம்மீனின் குடித்தொகை குறைந்துள்ளதா? குறைந்திருப்பின் அதற்கு மீன்பிடிதான் காரணமா? இவ்விரு வினாக்களையும் ஒன்றெனக் கொள்ளாது வேறுவேறாக நோக்குதல் வேண்டும்.

விலங்கியலார் மொரோன் சக்சாற்றிலிசு என்று வழங்கும் இம்மீன் வெள்ளி போன்ற உடலினது. இரு பக்கங்களிலும் ஏழெட்டுக் கருவரிகள் நீளவாட்டில் ஓடும். கடலில் வளர்வதாயினும் இளவேனிற் காலத்தில் ஆறுகளுள் ஏறி நன்னீரில் முட்டையிடுவது இதன் இயல்பு. செசப்பீக் குடாவில் வந்து கலக்கும் ஆறுகளே இதற்குத் தலையாய ஈனுமிடம். ஹட்சன், டெலவேர் ஆகிய ஆறுகளும் குறிப்பிடத்தக்கன. ஆண்மீன் இரண்டு மூன்று ஆண்டுகளிற் பருவமடையும். பெண்மீனுக்கோ நான்கு முதல் எட்டு ஆண்டுகள் வேண்டும். முப்பதாண்டு வரை வாழவல்ல இவ்வினத்தில், முதிர்ந்த பெண்மீன் ஒன்று ஒரே பருவத்திற் பல இலட்சம் முட்டைகளை இடும். எனவே, பெண்மீன் ஒருமுறையேனும் முட்டையிடுமுன் பிடிபடுமாயின் வருங்காலச் சந்ததி முழுவதையும் இழந்தவராவோம்.

இதனைக் காக்கவேண்டும் என்ற உணர்வு புதியதன்று. 1639ஆம் ஆண்டிலேயே மசாச்சுசெற்ஸ் குடியேற்றத்தார், பாஸ் மீனையும் கொட் மீனையும் வயலுக்குப் பசளையாக இடுதலைச் சட்டத்தால் தடுத்தனர். 1670இல் பிளிமத் குடியேற்றத்தார், கொட் முனையில் வலைவீசிப் பிடிக்கும் பாஸ் முதலிய மீன்களால் வரும் வருவாயைக் கொண்டு இலவசப் பாடசாலை ஒன்றினை நிறுவ விதித்தனர். மீன்வளம் கல்விச் செல்வமாக மாறிய இச்செய்தி கல்வி பயில்வார்க்கு இன்பம் பயப்பதாம்.

இருபதாம் நூற்றாண்டில் நிலை மாறியது. 1973இல் வணிகத்திற்காகப் பிடிக்கப்பட்ட வரிப் பாஸ் ஏறக்குறைய 147 இலட்சம் இறாத்தல். 1983இல் அது ஏறக்குறைய 35 இலட்சம் இறாத்தலாயிற்று. பத்தே ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்கும் எஞ்சவில்லை. 1984இல் ஐக்கிய அமெரிக்கப் பேரவை அத்திலாந்திக் வரிப் பாஸ் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1985இல் மேரிலாந்து மாநிலம் இம்மீனைப் பிடித்தலை முற்றாக நிறுத்தியது. 1982இற் பிறந்த மீன்களும் அவற்றின் பின் பிறந்தனவும் பெரும்பாலும் ஒருமுறையேனும் முட்டையிடும் வரை அவற்றைக் காத்தல் என்பதே அன்று கைக்கொள்ளப்பட்ட நெறி. 1990இல் தடை தளர்த்தப்பட்டது; 1995இல் குடித்தொகை மீண்டுவிட்டதென அறிவிக்கப்பட்டது. பிடிப்பதை நிறுத்தியதும் இனம் பெருகியமையால், அன்றைய குறைவில் மீன்பிடிக்குப் பெரும்பங்கு உண்டு என்பது தெளிவு.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உச்சத்தை அடைந்த முட்டையிடும் பெண்மீன்களின் மொத்த நிறை, பின்னர் படிப்படியாகச் சரிந்தது. 2019இல் வெளியான மதிப்பீடு இருவேறு உண்மைகளைக் கூறியது. உவமையாற் கூறின், களஞ்சியத்தில் நெல் குறைந்திருப்பது ஒன்று. நாடோறும் அளவுக்கு மிஞ்சி அள்ளுவது மற்றொன்று. 2017ஆம் ஆண்டில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன என்பதே அம்மதிப்பீட்டின் முடிபு. அதன்பின் கட்டுப்பாடுகள் இறுகின. 2023ஆம் ஆண்டிற்குரிய மதிப்பீட்டின்படி அளவுக்கு மிஞ்சி அள்ளுதல் நின்றது, களஞ்சியமோ நிறையவில்லை.

அள்ளியவர் யாவர்? வலைஞர் என்று எண்ணுதல் இயல்பு. உண்மையிற் பெரும்பங்கு பொழுதுபோக்காகத் தூண்டிலிடுவோருடையது. அவர்கள் பிடித்த மீன்களிற் பெரும்பாலானவற்றை மீண்டும் நீரில் விட்டுவிடுகின்றனர். விடப்பட்டவற்றுள் நூற்றுக்கு 9 இறப்பதாக ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். இது சிறு தொகையாகத் தோன்றும். ஆனால் கோடிக்கணக்கில் விடப்படும்போது, இறப்பவை இலட்சக்கணக்காகின்றன. 2017இல் மீன்பிடியால் நேர்ந்த மொத்த இழப்பில் ஏறக்குறைய பாதி இவ்வாறு விடப்பட்டு இறந்தவையே. கொல்லும் எண்ணமின்றியும் கொலை நிகழ்தல் கூடும் என்பதற்கு இது சான்று. இதனாலேயே, இரையிட்டுப் பிடிப்போர் குடலிற் சிக்காத வட்டத் தூண்டில்முள்ளைப் பயன்படுத்தவேண்டும் என விதிக்கப்பட்டது. 2020இல் கடலில் 28 அங்குலம் முதல் 35 அங்குலம் வரையுள்ள மீன்களையே வைத்துக்கொள்ளலாம் என்ற வரையறை வந்தது. 2023இல் மேலெல்லை 31 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. பெரிய தாய்மீன்களைக் காத்தலே இதன் நோக்கம்.

இனி மற்றொரு காரணத்தையும் நோக்குவாம். மேரிலாந்தில் 1954 முதல் ஆண்டுதோறும் குஞ்சு மீன்களை வலையிட்டு எண்ணி வருகின்றனர். 2019 முதல் 2024 வரை ஆறு ஆண்டுகளும் தொடர்ச்சியாக இவ்வெண் நீண்டகாலச் சராசரிக்குக் கீழேயே இருந்தது. சராசரி ஏறக்குறைய 11. 2023இற் கண்டதோ 1 மட்டுமே. குளிரும் மழையும் மிக்க ஆண்டுகளிற் குஞ்சுகள் பெருகுதலும், வெப்பமும் வறட்சியும் மிக்க ஆண்டுகளில் அவை அருகுதலும் இவ்வினத்தின் வரலாற்றில் நெடிது காணப்பட்டவை. முட்டையிடும் மீன்கள் ஓரளவு இருந்தும் குஞ்சுகள் பிழையாமைக்கு மீன்பிடியை மட்டும் குறைகூறல் நேர்மையன்று.

ஆகவே முதல் வினாவிற்கு விடை, ஆம், குறைந்துள்ளது என்பதே. இரண்டாவதற்கு விடை, மீன்பிடி பெருங்காரணம். ஆனால் தனிக்காரணம் அன்று என்பதாகும். இதுகொண்டு, இயற்கையே காரணமாயின் நாம் ஏன் கட்டுப்படவேண்டும் என்று சிலர் வினவுதல் கூடும். மழையையும் வெப்பத்தையும் மீன்பிடி விதிகளால் மாற்றவியலாது. தூண்டிலை மாத்திரம் அடக்க வல்லோம். வரவு குறைந்த காலத்திற் செலவைச் சுருக்குதல் இல்லறத்தார்க்கு மட்டுமன்றி மீன்வளம் காப்போர்க்கும் பொருந்தும் நெறி. 2029ஆம் ஆண்டிற்குள் குடித்தொகையை மீட்டல் அத்திலாந்திக் மாநிலங்களின் கடல் மீன்பிடி ஆணைக்குழு தனக்கு விதித்துக்கொண்ட இலக்கு. இனி வரும் நல்லாண்டு ஒன்றில் ஆறேறி முட்டையிடத் தாய்மீன்கள் எஞ்சியிருத்தல் வேண்டும். அவை எஞ்சுமா என்பது மனிதர் கையிலேயே உள்ளது.