உறையும் குளிரில் கோழிக்குத் தண்ணீர்
அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை −20 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. இறகுகள் இருப்பதால் கோழி குளிரை ஓரளவு தாங்கும், தாகத்தைத் தாங்காது. முட்டையின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர்தான். குடிநீர் உறைந்தால் முட்டையிடுவதும் குறையும்.

உப்பைக் கலந்தால் நீரின் உறைநிலை தாழுமே? தாழும். ஆனால், −20 டிகிரியில் உறையாதிருக்க ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 300 கிராம் உப்பு தேவை. அது கோழிக்கு நஞ்சு.

மின்சாரம் இருந்தால், பாத்திரத்தின் அடியில் சூடேற்றும் தட்டை வைப்பார்கள். நீர் இழக்கும் வெப்பத்தை அது ஈடுசெய்யும். மின்சாரம் இல்லையென்றால் ரப்பர் தொட்டி கைகொடுக்கும். நீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 விழுக்காடு கூடுவதால், பிளாஸ்டிக் வாளி வெடிக்கலாம், ரப்பர் வளைந்துகொடுக்கும். தொட்டியைக் கவிழ்த்து மிதித்தால் பனிக்கட்டி கழன்றுவிடும். பிறகு வெதுவெதுப்பான நீரை ஊற்றலாம்.