கல்லீரலுக்கு நல்லது எந்தக் காப்பி?

"கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறதாம்" என்று நான் வீட்டில் சொன்னதும், அம்மா கேட்ட முதல் கேள்வி: "எங்களுக்குத் தெரியாமக் குடிக்கிறியாடா?"

தீபாவளிக்குக்கூட பீர் தொடாதவன் நான். மனைவி ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம்தான் அதிகம் வலித்தது.

உண்மையில், மதுவைத் தொடாதவர்களுக்கும் இந்த நோய் வரும். தொப்பை, நீரிழிவு, உடலுழைப்பு இல்லாத வாழ்க்கை ஆகியவை முக்கியக் காரணங்கள். தேவைக்கு மேல் இனிப்பும் மாவுச்சத்தும் உள்ளே போனால், கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றிச் சேர்த்துவைக்கும். பெரும்பாலும் வலி தெரியாது. சிலருக்கு அது பல ஆண்டுகளில் 'சிரோசிஸ்' எனும் கல்லீரல் சுருக்கம் வரை போகலாம்.

அந்த வாரமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: 'காப்பி குடித்தால் கல்லீரல் சுத்தமாகும்!' எனக்குக் கொண்டாட்டம். அலுவலகத்துக்குக் கீழே உள்ள கோப்பிக்கடையில் தினமும் இரண்டு கப் குடித்தவன், நான்கு கப் குடிக்கத் தொடங்கினேன். ஆறு மாதத்தில் எடை மூன்று கிலோ கூடியது. ரத்தப் பரிசோதனை முடிவும் மோசமானது.

மருத்துவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எந்தக் காப்பி?"

ஆய்வு சொல்வது என்ன?

வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய்யல்ல. சிங்கப்பூரில் 63,000க்கும் மேற்பட்ட சீனர்களைப் பல ஆண்டுகள் கண்காணித்த ஓர் ஆய்வின் முடிவு 2014ல் வெளியானது. தினமும் இரண்டு கப் அல்லது அதற்கு மேல் காப்பி குடித்தவர்கள், ஹெப்படைடிஸ் கிருமியால் வராத சிரோசிஸால் இறக்கும் ஆபத்து 66 விழுக்காடு குறைவாக இருந்தது. ஹெப்படைடிஸ் பி கிருமியால் வந்த சிரோசிஸில் அந்தப் பலன் தெரியவில்லை. 2021ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், கஃபீன் நீக்கிய காப்பியிலும் பலன் தெரிந்தது.

ஆனால், இவை தொடர்பைத்தான் காட்டுகின்றன. காப்பியை மருந்தாக்கிவிடவில்லை.

கோப்பையில் இருந்தது

நான் குடித்தது வெறும் 'கோப்பி'. அதாவது இனிப்பு டின்பால் கலந்தது. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, ஆனால் சீனி உண்டு. 'கோப்பி ஓ கோசோங்' என்று கேட்டால்தான் இரண்டும் இருக்காது. நல்லது என்று நினைத்து தினமும் நான்கு முறை கல்லீரலுக்குச் சீனி ஊட்டியிருக்கிறேன்.

இந்த நோய்க்கு முதல் சிகிச்சை எடைக் குறைப்பு. உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே கொழுப்பும் வீக்கமும் நன்றாகக் குறையும் என்றார் மருத்துவர். இப்போது எனக்கு இரண்டு கோசோங். இரவில் மனைவியுடன் நடை. ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. தூக்கம் கெடுபவர்களும் கர்ப்பிணிகளும் காப்பி விஷயத்தில் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நீரிழிவு உள்ள அம்மாவையும் போன மாதம் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். அவருக்கும் கல்லீரலில் கொழுப்பு.

"நான் எங்கடா குடிச்சேன்!" என்றார்.

"அதைத்தாம்மா நானும் சொன்னேன்."