ஒரு லூப் எவ்வளவு தூரம் போகும்?

1996இல் ஒரு பொறியியல் கல்லூரியில் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்தபோது என் கையில் கொடுத்தது ஒரு கிரிம்பிங் டூலும் ஒரு மல்டிமீட்டரும். ஆய்வகம் முழுக்க ஒரே கறுப்பு கோஆக்சியல் கேபிள் ஓடும். ஒவ்வொரு கணினியின் முதுகிலும் ஒரு டி கனெக்டர், கேபிளின் இரு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர். யாராவது நாற்காலியை நகர்த்தும்போது கால் இடறி ஒரு இணைப்பு கழன்றால் போதும், வரிசை முழுவதும் நின்றுவிடும். "சார், நெட் போச்சு" என்று குரல் வரும்.

எங்கே விட்டிருக்கிறது என்று தேட ஒரு வழி இருந்தது. வரிசையின் நடுவில் ஒரு டி கனெக்டரைக் கணினியிலிருந்து உருவி மீட்டரை வைப்பேன். 25 ஓம் காட்டினால் இரு முனை டெர்மினேட்டர்களும் சேர்ந்து தெரிகின்றன, கேபிள் நலம். 50 காட்டினால் ஏதோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. அந்தப் பக்கத்தின் நடுவுக்குப் போய் மறுபடி வைப்பேன். இப்படிப் பாதி பாதியாகக் குறுக்கினால் கால் மணி நேரத்தில் பிடித்துவிடலாம். கேபிளின் ஒரு துண்டு 185 மீட்டரைத் தாண்டக் கூடாது, 30 இணைப்புக்கு மேல் கூடாது என்பது விதி. ஆகவே எப்படிப்பட்ட கோளாறும் 30 பேரோடு நின்றது. அதன் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஹப் வந்தது, அதன் பின்னாலேயே சுவிட்ச். 1990இல் முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்த கலிஃபோர்னியா நிறுவனத்தின் பெயர் கல்பனா. ஏழே போர்ட். நான்கு வருடத்தில் சிஸ்கோ அதை வாங்கிவிட்டது. ஹப் ஒருவர் பேசுவதை எல்லார் காதிலும் போடும். சுவிட்ச் எந்த முகவரி எந்த போர்ட்டில் இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, உரியவரிடம் மட்டும் சேர்க்கும். ரவுட்டர்கள் அன்று விலையும் அதிகம், வேகமும் குறைவு. முடிந்த இடத்திலெல்லாம் சுவிட்ச், வேறு வழியே இல்லாத இடத்தில் ரவுட்டர் என்பதுதான் அந்நாளைய பாடம். நாங்களும் கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் இழுத்து, மொத்த வளாகத்தையும் ஒரே பெரிய கூடமாக்கினோம்.

ஆபத்து அங்கேதான் இருந்தது. இணையத்தில் போகும் ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறைந்து, ஒரு கட்டத்தில் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுளே கிடையாது. சுவிட்சுகளுக்கு இடையே ஒரு வட்டம், அதாவது லூப், விழுந்துவிட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றச் சுற்றப் பெருகும். இதைத் தடுக்கத்தான் 1985இல் டெக் நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் ஸ்பேனிங் ட்ரீயை உருவாக்கினார். உபரிப் பாதைகளை அடைத்து, வட்டத்தை மரமாக்கிவிடும் முறை அது. நாங்கள் என்ன செய்தோம்? கணினியைச் செருகியதும் அரை நிமிடம் காக்க வேண்டியிருக்கிறது என்று புகார் வந்ததால், பயனர் போர்ட்டுகளில் அதை அணைத்து வைத்தோம். 2001இல் ஒரு மதியம், ஆசிரியர் அறையில் மேசை மேல் இருந்த சின்ன சுவிட்சில், தொங்கிக்கொண்டிருந்த வயரின் மறு முனையையும் யாரோ நல்லெண்ணத்தில் செருகிவிட்டார். பத்துக் கட்டடமும் ஒன்றாக நின்றன. ரேக்கைத் திறந்தால் எல்லா விளக்கும் விடாமல் எரிகிறது. அது எரிவதல்ல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்குவது. மைய அறையில் ஃபைபர்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்து அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடிக்க நான்கு மணி நேரம் ஆனது.

எங்களுக்குப் போனது ஒரு மதியம். பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனைக்கு 2002 நவம்பர் 13 அன்று இதைவிடப் பெரிய அடி விழுந்தது. வருடக்கணக்கில் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போன சுவிட்சுகள், ஸ்பேனிங் ட்ரீ தாங்கும் ஏழு அடுக்கு எல்லையைக் கடந்திருந்தன. போக்குவரத்து பெருகியபோது மரம் குலைந்தது. பரிசோதனை முடிவும் மருந்துச் சீட்டும் பல நாள் தாளில் எழுதப்பட்டு, கையோடு எடுத்துச் செல்லப்பட்டன. அங்கே தகவல் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பாக இருந்த ஜான் ஹலம்கா நடந்ததை மூடி மறைக்காமல் வெளியில் பேசினார். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. புதிய வடிவமைப்புக்கு நிதி கேட்டு நிர்வாகத்திடம் போனபோது அந்தச் செய்தியைத்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

இன்று எங்கள் வளாகம் வேறு. ரவுட்டர் செய்த வேலையை சுவிட்சே முழு வேகத்தில் செய்கிறது. கட்டடங்களுக்கு இடையில் ரவுட்டிங் மட்டும்தான், ஆகவே ஒரு கட்டடத்தின் லூப் அடுத்ததற்குப் போகாது; கட்டடத்துக்குள் தளத்துக்கு ஒரு வி-லான், அதாவது தனியாகப் பிரித்த வலை. வயரில் மின்சாரமும் போகிறது. 2003இல் போர்ட்டுக்கு 15.4 வாட் என்று தொடங்கிய தரநிலை, 2018இல் 90 வாட் வரை வந்துவிட்டது. கேமரா, தொலைபேசி, வைஃபை பெட்டி எல்லாமே சுவிட்சிடமிருந்து உயிர் வாங்குகின்றன. அதனால் அந்த ரேக்கின் யூபிஎஸ் பேட்டரியை மாதம் ஒரு முறை நானே போய்ப் பார்க்கிறேன்.

அன்று கன்சோல் கேபிளோடு ஒவ்வொரு சுவிட்சாகப் போய்த் தட்டச்சு செய்ததை, இன்று ஒரு டெம்ப்ளேட் நூற்றுக்கணக்கான சுவிட்சுகளுக்கு ஒரு நிமிடத்தில் அனுப்புகிறது. எனக்குப் பயம் இதில்தான். பிழையான ஒரு வரி அதே ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் தொட்டுவிடும். கட்டடங்களுக்கு நடுவே நாங்கள் போட்ட வேலியை அது மதிக்காது. ஆகவே எந்த மாற்றமும் முதலில் ஒரே கட்டடத்துக்குப் போகும், ஒரு நாள் இருக்கும், பிறகுதான் மற்றவற்றுக்கு. அவசரம் என்று யார் சொன்னாலும் இதை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

போன மாதம் விடுதியிலிருந்து ஒரு மாணவர் கூப்பிட்டார். அவர் அறையில் மட்டும் நெட் வரவில்லை. திரையில் பார்த்தேன். இரவு 11 மணிக்கு அந்த ஒரு போர்ட் லூப்பைக் கண்டு தானாக மூடிக்கொண்டிருந்தது. போனேன். மேசையில் ஒரு சின்ன சுவிட்ச், ஒரே பேட்ச் கார்டின் இரண்டு முனையும் அதிலேயே. ஒரு முனையை உருவிவிட்டு போர்ட்டைத் திறந்தேன். பக்கத்து அறைப் பையன் காதில் ஹெட்போனோடு வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இரவு முழுக்க எதுவுமே தெரிந்திருக்கவில்லை.