உயரம் குறைவு, ஏற்றம் அதிகம்: வட இங்கிலாந்தின் மிதிவண்டிச் சாலைகள்

"இங்கிலாந்தில் அப்படி என்ன பெரிய மலை இருக்கிறது?" என்று நம் மாணவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான ஸ்கேஃபெல் பைக் 978 மீட்டர்தான். நம் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா பட்டணமே அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஆனால் மிதிவண்டி மிதிப்பவருக்கு உயரத்தைக் காட்டிலும் சரிவுதான் முக்கியம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் செல்லும் சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில் 1,400 மீட்டர் ஏறுகிறது. நூறு மீட்டர் சென்றால், சராசரியாக இரண்டரை மீட்டர்கூட ஏறுவதில்லை. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் உள்ள ஹார்ட்நாட் கணவாயோ வெறும் 393 மீட்டர். அங்கே மிகச் செங்குத்தான இடங்களில் மூன்று மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே போக வேண்டும். அதாவது 33 விழுக்காடு! பலர் அங்கே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வட இங்கிலாந்தில் ஓராண்டு படித்தபோது விடுமுறை நாள்களில் இத்தகைய சாலைகளில் மிதிவண்டி ஓட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மாற்றுத் திட்டத்தின் கீழ் அங்கே செல்லும் நம் பல்கலைக்கழக மாணவர்கள் பெரும்பாலும் லண்டனைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு பழைய மிதிவண்டியும் ஒரு வரைபடமும் இருந்தால், குறைந்த செலவில் அந்நாட்டின் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். ஆனால் எந்தச் சாலையில் போவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனால் கால் வலியோடு முடியாது. இருட்டில், மழையில், கைப்பேசி அலைவரிசை இல்லாத ஒரு மலைமேட்டில் நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் வரைபடத்தைப் பார்ப்போம். ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனம் வெளியிடும் 1:50,000 அளவு வரைபடத்தில் பெரிய சாலைகள் பச்சையிலும் சிவப்பிலும் இருக்கும். அவற்றைத் தவிர்க்க வேண்டும். கிராமங்களை இணைக்கும் சிறு சாலைகள் மஞ்சள் நிறத்தில் இருக்கும். நமக்கு வேண்டியவை அவைதாம். அந்த மஞ்சள் கோட்டின் குறுக்கே சிறிய அம்புமுனை ஒன்று இருந்தால், சரிவு 14 முதல் 20 விழுக்காடு வரை என்று பொருள். இரண்டு அம்புமுனைகள் அடுத்தடுத்து இருந்தால் 20 விழுக்காட்டுக்கும் மேல். முனை எந்தப் பக்கம் நோக்குகிறதோ அந்தப் பக்கம் இறக்கம். இந்த ஒரு குறியைக் கற்றுக்கொண்டாலே பாதித் திட்டமிடல் முடிந்துவிடும். கைப்பேசிச் செயலிகள் மொத்த ஏற்றத்தைக் கணக்கிட்டுச் சொல்லும். அந்த ஏற்றம் சீராக வருகிறதா, ஒரே இடத்தில் சுவர்போல எழுகிறதா என்பதைத் தாள் வரைபடம் ஒரு பார்வையில் காட்டிவிடும். இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். கோடு கோடாகக் காட்டப்பட்டிருக்கும் நடைபாதைகளில் மிதிவண்டி ஓட்ட உரிமை இல்லை. குதிரைப்பாதைகளில் ஓட்டலாம், 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் அந்த உரிமையைத் தந்தது.

இனி ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். 'கடலிலிருந்து கடலுக்கு' என்று பொருள்படும் 'சீ டு சீ' பாதை 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மேற்குக் கரையில் வைட்ஹேவன் அல்லது வொர்கிங்டனில் தொடங்கி, ஏரி மாவட்டத்தையும் வட பென்னைன் மலைத்தொடரையும் கடந்து, கிழக்குக் கரையில் சண்டர்லேண்ட் அல்லது டைன்மவுத்தில் முடிகிறது. சுமார் 225 கிலோமீட்டர். மூன்று நான்கு நாள்களில் நிதானமாக முடிக்கலாம். மேற்கிலிருந்து கிழக்காகப் போவதே நல்லது. அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் முதுகில் தள்ளிவிடும்.

ஏரி மாவட்டப் பகுதி அழகானது, ஆனால் சுற்றுப்பயணிகள் நெருக்கம் மிகுந்தது. என் மனத்தைக் கவர்ந்தது அதற்குப் பின் வரும் வட பென்னைன்தான். பென்ரித் பட்டணத்தைத் தாண்டினால் சாலைகளில் ஆள் அரவமே குறைந்துவிடுகிறது. கார்களும் லாரிகளும் எங்கே போயின? தெற்கே ஏ66, வடக்கே ஏ69 என்ற இரண்டு நெடுஞ்சாலைகள் குறுக்குப் போக்குவரத்து முழுவதையும் சுமக்கின்றன. இடையில் உள்ள மலைப்பகுதிக்கு, அங்கே வேலை இருப்பவர்களைத் தவிர வேறு எவரும் வர வேண்டிய தேவை இல்லை.

அப்படியானால் இத்தனை சாலைகளை அங்கே யார் போட்டார்கள்? விடை மண்ணுக்கடியில் இருக்கிறது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இந்த மலைகள் ஈயச் சுரங்கங்களால் நிறைந்திருந்தன. (நம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களை நினைத்துவிடாதீர்கள். நம்முடையது வெள்ளீயம், அது காரீயம்.) நென்ட்ஹெட் என்ற கிராமமே லண்டன் ஈய நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காக எழுப்பியதுதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈய விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன, மக்கள் வெளியேறினர். சாலைகள் மட்டும் நின்றுவிட்டன. இன்று மிதிவண்டி ஓட்டுபவர் அனுபவிக்கும் அமைதி, ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் பிழைப்பை இழந்ததால் வந்த அமைதி. நம் நாட்டில் மூடப்பட்ட லம்பங்களையும் துண்டாடப்பட்ட தோட்டங்களையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வெறுமை புதிதாகத் தோன்றாது.

சரிவுக்கும் இதே வரலாறுதான் காரணம். ஹார்ட்சைடு கணவாயின் உச்சி 580 மீட்டர். ஹார்ட்நாட்டைவிட ஏறத்தாழ 190 மீட்டர் அதிகம். ஆனால் மெல்மர்பி கிராமத்திலிருந்து ஏறும் ஏ686 சாலை சுமார் எட்டு கிலோமீட்டர் வளைந்து வளைந்து, ஐந்து விழுக்காட்டுச் சரிவில் சீராக ஏறுகிறது. காரணம், 1820களில் இவ்வட்டாரச் சாலைகளைச் சீரமைத்தவர் ஜான் மக்காடம். பாரம் ஏற்றிய வண்டியைக் குதிரை இழுக்க வேண்டும் என்ற கணக்கில் அமைந்த சாலை அது. குதிரைக்கு இதமானது நம் காலுக்கும் இதமானதே! 'சீ டு சீ' பாதை பெரும்பாலும் பக்கத்துச் சிறு சாலைகளில் ஏறி, கடைசிப் பகுதியில்தான் இதில் சேர்கிறது. ஆனால் கணவாய்க்கு அப்பால், காரிகில் கிராமத்திலிருந்து நென்ட்ஹெட்டுக்குச் செல்லும் குறுக்குச் சாலைக்கு அப்படிப்பட்ட கருணை கிடையாது. மேட்டின் மேல் நேராக ஏறுகிறது. தூரம் குறைவு, ஆனால் ஹார்ட்சைடைவிட அதுதான் மூச்சை வாங்கும். அதையடுத்து பிளாக் ஹில். 609 மீட்டர் உயரத்திலுள்ள அந்த மேடுதான் பாதையின் உச்சம்.

ஹார்ட்சைடு உச்சியில் இருந்த புகழ்பெற்ற சிற்றுண்டிக் கடை 2018ஆம் ஆண்டு தீக்கிரையானது. பழைய வழிகாட்டி நூல்களை நம்பி, வெறும் தண்ணீர்ப் புட்டியோடு ஏறாதீர்கள். பென்ரித்திலேயே ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது உத்தமம்.

ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஆபத்து இறங்கும்போதுதான். எங்களோடு வந்த தைப்பிங் அண்ணன் ஒருவர், "ஏறும்போது கால் வலிக்கும், இறங்கும்போது கை வலிக்கும் தம்பி" என்பார். பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போகும். ஒரு வாகனம் மட்டுமே போகக்கூடிய அகலம். இருபுறமும் சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர். வளைவுக்கு அப்பால் டிராக்டர் வருகிறதா, ஆடு படுத்திருக்கிறதா என்று தெரியாது. வேலியில்லாத மேட்டு நிலங்களில் ஆடுகள் சாலையிலேயே நிற்கும். ஒன்று கடந்துவிட்டால் குட்டி பின்னால் ஓடிவரும் என்று எதிர்பார்த்தே வேகத்தைக் குறைக்க வேண்டும். கால்நடைகள் தாண்டாதபடி சாலையின் குறுக்கே பள்ளம் தோண்டி இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள். அவற்றை நேராகக் கடக்க வேண்டும். மழை ஈரத்தில் அதன்மேல் பிரேக் பிடித்தாலோ வண்டியைத் திருப்பினாலோ சறுக்கிவிடும். பிரேக் கட்டைகளைப் புறப்படுமுன் மாற்றிவிடுங்கள். ஏறும்போது வியர்வையில் நனைந்த சட்டையோடு குளிர்காற்றில் இறங்கினால் உடல் நடுங்கும். உச்சியில் நின்று, காற்றைத் தடுக்கும் மேலங்கியைப் போட்டுக்கொண்ட பிறகே இறங்க வேண்டும்.

வெளிச்சக் கணக்கும் நமக்குப் புதிது. நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஏழு மணிவாக்கில் சூரியன் மறையும். அங்கே ஜூன் மாதம் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும்; டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். மே முதல் செப்டம்பர் வரை போவதே நல்லது.

கடைசி நாளுக்கு உரிய பரிசு ஒன்று உண்டு. ரூக்கோப், ஸ்டான்ஹோப் மேடுகளைத் தாண்டியதும் பாதை ஒரு பழைய இரயில் தடத்தில் சேர்கிறது. சுண்ணாம்புக்கல்லையும் இரும்புத் தாதுவையும் ஏற்றிச்சென்ற தடம் அது. செங்குத்தான இடங்களில் பெட்டிகளை மேலே நிறுத்திவைத்த நீராவி இயந்திரங்கள் கயிறு கட்டி இழுத்தன. மற்ற இடங்களில் தடம் மிக மென்மையான சரிவில் செல்கிறது. 1980ஆம் ஆண்டு கான்செட் பட்டணத்தின் எஃகு ஆலை மூடப்பட்டது. தண்டவாளம் போய், இன்று அது நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் உரிய பாதை. மலைமேட்டிலிருந்து கான்செட் வரையிலும், அங்கிருந்து சண்டர்லேண்ட் நோக்கியும் பெரும்பாலும் இறக்கம்தான். பெடலை அதிகம் மிதிக்காமலே கிலோமீட்டர்கள் கழிகின்றன.

புறப்படும்போது பின்சக்கரத்தை மேற்குக் கடலில் நனைப்பதும், முடிக்கும்போது முன்சக்கரத்தைக் கிழக்குக் கடலில் நனைப்பதும் இப்பாதையில் வழக்கம். நனைத்த பிறகு, சங்கிலியில் உப்பு தங்காதபடி நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விட்டுவிடுங்கள். திரும்பும் பயணத்துக்கு இரயிலில் மிதிவண்டிக்கு இடம் உண்டு, ஆனால் ஒரு வண்டித்தொடரில் பெரும்பாலும் இரண்டு மூன்று மிதிவண்டிகளுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். நான்கு பேராகப் போனால், இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து ஏறுவதற்குத் தயாராக இருங்கள்.