இரண்டு மானாவுக்கு ஒரு கரடி

மேஜிக்: தி கேதரிங் விளையாட்டுக்குச் சொந்தமாக ஓர் உயிரின அட்டை செய்ய உட்காரும் பலருக்கும் முதலில் படம் வரையத்தான் கை துறுதுறுக்கும். நான் விலையிலிருந்து தொடங்குவேன்.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993-இல் வெளிவந்த ஆட்டம் இது. அட்டையின் வலது மேல்மூலையில் விலை. அதை மானா என்னும் சக்தியால் கட்ட வேண்டும். கீழ்மூலையில் இரண்டு எண்கள்: எவ்வளவு அடிக்கும், எவ்வளவு அடி தாங்கும். முதல் தொகுப்பிலேயே வந்த கிரிஸ்லி பேர்ஸ் என்னும் கரடிதான் என் அளவுகோல். இரண்டு மானா, 2/2, வேறு திறன் கிடையாது. அதே விலைக்கு நம் உயிரினம் 3/3 ஆக இருந்து பறக்கவும் செய்தால், எதிரே இருப்பவருக்கு ஆட்டமே மிஞ்சாது.

எனக்கு உயிரான பகுதி நிறம். வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். பச்சையில் பெரிய விலங்குகள் உண்டு, பறப்பவை அரிது. அந்தக் குறையிலிருந்து பிறந்த அழகு ஜெயன்ட் ஸ்பைடர் என்னும் சிலந்தி: நான்கு மானா, 2/4. தான் பறக்காது, பறந்து வருவதைத் தடுத்துவிடும். வலை செய்யும் வேலையை விதியே செய்கிறது! இப்படி ஓர் அட்டை செய்துவிட வேண்டும் என்பதே என் ஆசை.

இப்போது கையில் இருப்பது ஒரு சதுப்புநில முதலை. கறுப்பு, நான்கு மானா, 4/3. ஒரு சுற்று தாக்காமல் பதுங்கியிருந்தால் அடுத்த சுற்றில் 6/3. தாளில் எழுதி, பழைய அட்டையோடு உறைக்குள் செருகித் தங்கையோடு ஆடிப் பார்க்கிறேன். அவள் முதலையைக் காவலுக்கே நிறுத்திவிடுகிறாள், தாக்க அனுப்புவதில்லை. அதனால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: இந்த முதலை தடுக்காது.